அம்மா எடுத்த ரயில்கள்

1

இந்தக் கதை ஒரு புகாரில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மா ரயில்வே அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சராக இருந்தவள். மதிய இடைவேளையில் கேமராவோடு நடைமேடைக் கோடிக்குப் போய்விடுவாள். அப்படி எடுத்த நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. அதைக் கிண்டலாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது: ரயில் சத்தம் கேட்டதும் அம்மா தண்டவாளத்தை நோக்கி ஓடினாள், தடுக்க யாரும்...

(வேண்டாம். நீங்கள் வேறு எதையோ நினைத்துப் பயந்துவிடுவீர்கள்.)

2

இப்போது அவளுக்கு எழுபத்தெட்டு. பார்வை நடுவில் மங்கி, ஓரத்தில்தான் தெரிகிறது. சனிக்கிழமைகளில் நான் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, தெரிவதைச் சொல்வேன். அவள் வண்டியையும் வருடத்தையும் சொல்வாள். உறையில் எழுதித் தகரப்பெட்டியில் அடுக்குவோம்.

(கதையில் அவளைச் சாந்தமானவளாகக் காட்ட நினைத்தேன். முடியவில்லை. "சரக்கு வண்டி" என்று மொட்டையாகச் சொன்னால், எத்தனை வேகன், என்ன சரக்கு, யார் எட்டிப் பார்க்கிறார் என்று குறுக்கு விசாரணை நடக்கும்.)

3

போன மாதம் ஒரு செவிலியர் வீடு தேடி வந்தார். அவருடைய அப்பா என்ஜின் ஓட்டுநர்; இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலையில் இருக்கும்போது எடுத்த படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். ரயில்வே அலுவலகத்தில் யாரோ அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

எந்த வருடம், எந்தத் தடம் என்று மட்டும் அம்மா கேட்டாள். பிறகு ஏழாம் பெட்டியை எடுக்கச் சொன்னாள். மழை நாள், டீசல் என்ஜின், ஜன்னலில் எக்கிக்கொண்டு ஒருவர் கண்ணாடியைத் துடைப்பார் என்றாள்.

இருந்தது. கணினியில் ஏற்றினேன். மனிதர் நனைந்தபடி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

(இங்கே செவிலியரை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவர் அழவில்லை. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.)

"வீட்டுக்கு வந்தா தூங்கி வழிவாரு. வேலையில இப்படி இருப்பாருன்னு எங்களுக்குத் தெரியாதும்மா," என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

4

அவர் போனதும் கேட்டேவிட்டேன்: என்னை ஏன் எடுக்கவில்லை?

"நீ எங்க போயிடப் போற? சாயங்காலம் வந்தா வீட்டுல இருப்ப. ரயில் நிக்காம போயிடும்ல."

சின்ன வயதிலிருந்தே ஒரு புகாரைச் சேர்த்து வைத்திருந்தேன், அதாவது...

முடிக்கத் தோன்றவில்லை. செவிலியருக்கு அவர் அப்பா வேலையில் எப்படி இருந்தார் என்று ஒரே ஒரு படம் கிடைத்தது. எனக்கு, என் அம்மா எதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்று நாலாயிரம். இதற்கு மேல் என்ன கேட்பது?

5

முடிவுக்கு இரண்டு வழி யோசித்தேன். ஒன்றில், கடைசிப் பெட்டியின் அடியில் என் குழந்தைப் படம் கிடைக்கிறது. அழகான பொய், நானே கண்கலங்கினேன். கிழித்துவிட்டேன். இன்னொன்றில் அம்மா... இல்லை, அதை எழுத மாட்டேன்.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது என்ஜின் ஓட்டியிருந்தால், கொடி காட்டியிருந்தால், தண்டவாளம் செப்பனிட்டிருந்தால், எந்த வருடம், எந்தத் தடம் என்று எழுதுங்கள். முகம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டாம். அதை அம்மா சொல்வாள்.