ஆள் மாற்றாத அண்ணாச்சி

வில்பிரட் அண்ணாச்சியை நல்லவர் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. நல்லவராக இருந்துதான் என் குடியைக் கெடுத்தார்.

எங்கள் தெருக் கால்பந்து அணிக்கு அவர்தான் மேனேஜர். அதற்கு முன் இருபது வருஷம் லாஞ்சு ஓட்டியவர். கடலில் அவர் பிடித்துக்கொண்டிருந்த வழக்கம் ஒன்று உண்டு. மீன் நன்றாகப் பட்ட லாஞ்சில், மீன்பாடு குறைகிறவரை ஆளை மாற்ற மாட்டார். காய்ச்சல்காரனைக்கூடத் தூக்கிப்போய் மேல்தட்டில் படுக்க வைத்துக்கொள்வார். அதையே மைதானத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். கோயில் திருவிழாப் போட்டியில் முதல் ஆட்டம் ஜெயித்ததும், ஆடிய பதினோரு பெயரையும் ஒரு தாளில் எழுதி, மாதா காலடியில் வைத்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த நாலு ஆட்டத்திலும் அதே பதினோரு பேர்தான். எல்லாம் வெற்றி. பிறகு அவரிடம் யார் பேச முடியும்?

அந்தத் தாளில் நாலாவது பெயர் என் வீட்டுக்காரர் இனிகோ.

அரையிறுதியில் இவருக்கு வலது முட்டி திருகிக்கொண்டது. நடக்கலாம், மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார் டாக்டர். இறுதிப்போட்டி ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை சென்னையில் கப்பல் வேலைக்கு மெடிக்கல். நாலு வருஷம் ஏஜென்டிடம் நாயாய் அலைந்து கிடைத்த கப்பல் அது. இவருக்கு முப்பத்தி நாலு முடியப்போகிறது. முப்பத்தைந்து ஆகிவிட்டால் எங்கள் ஏஜென்ட் பெயரைக்கூட எழுதிக்கொள்ள மாட்டார்.

"ஆட வரலன்னு சொல்லிருங்க" என்றேன்.

"அண்ணாச்சி மொகத்தப் பாத்து எப்பிடிளா சொல்ல?"

இவர் வாயில் கொழுக்கட்டை என்றால் என் வாயிலுமா? நானே போனேன். அண்ணாச்சி வாசலில் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இவங்களுக்கு முட்டி சரியில்ல. வியாழக்கிழம மெடிக்கல் இருக்கு. மாத்து ஆளு ஜெனிஸ் வெளிய சும்மாதான உக்காந்திருக்கான், அவன எறக்குங்க."

"ஏளா ஸ்டெபி, அஞ்சு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்தவன, கால் வலிக்குன்னதும் வெளிய உக்காருன்னா அது மனுசன் செய்யுத வேலையா? சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல்னு கரையில விட்டுட்டுப் போனாங்க. எந்திரிச்சுப் போனா என் எடத்துல வேற ஆளு. அந்த நோவு எனக்குத் தெரியும். இனிகோவுக்கு அத நான் செய்யமாட்டேன்."

"இவங்களே விட்டாப் போதும்னுதான் இருக்காங்க, அண்ணாச்சி."

"அவன் எங்கிட்ட அப்பிடிச் சொல்லலியே."

திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிறு சாயங்காலம், இடைவேளை முடிந்து பத்து நிமிஷம் இருக்கும். பந்தை எடுக்க இவர் திரும்பினார். கால் திரும்பவில்லை. விழுந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெனிஸ் பூட்ஸ் லேஸை இறுக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்தேன். அண்ணாச்சி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்ததையும் பார்த்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

ஜவ்வு அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், எட்டு மாதம் ஆகும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "அப்படியாம்மா, பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். ஏதோ வழி சொல்லப்போகிறார் என்று எடுத்தேன். இவர் இடத்துக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாம். நான் ஒன்றும் கவலைப்பட வேண்டாமாம்.

இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று கட்டில் பக்கத்தில் நிற்கிறேன், அண்ணாச்சி வந்தார். கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்தார்.

"மூணு கோல்ல தோத்துட்டோம்லே. ஆனா ஒன் எடத்துல யாரையும் எறக்கல. கடைசி வரைக்கும் பத்துப் பேருதான் ஆடுனோம். அடுத்த வருசமும் இதே தாளுதான்."

இனிகோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வலியில் அழவில்லை. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் இவர் முகத்தில் அப்படியொரு பெருமையை நான் பார்த்ததில்லை. எனக்கு இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது.

"கேட்டியாளா ஸ்டெபி? என் எடத்துல யாரையும் போடலயாம்."

"கப்பல்ல போட்டுட்டாங்க" என்றேன்.

அண்ணாச்சி தாளை மடிக்கப் பார்த்தார். இனிகோ அவர் கையை விடவில்லை.