சரிங்க என்றால் வேண்டாம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் முன்கூடத்தில் கால் வைத்தாலே அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பளபளவென்று தரை, சுவர் முழுக்கச் சிரிக்கும் முகங்களின் படங்கள், நடுவில் ஒரு மேசை. அதன் பின்னால் கழுத்தை இறுக்கும் டையோடு அவள் தம்பி. முப்பதைத் தாண்டிய ஆள். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி ஆளுக்கொரு அட்டை கொடுக்க வேண்டுமாம். அதற்கு வேலை என்று பெயர்.

போன மாதம் வரை அவன் கீழ்த்தளத்து லாண்டரியில் இருந்தான். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களும் நாலு பேரோடு சேர்ந்து வாழட்டும் என்று பல்கலைக்கழகம் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த வேலை அது. விடுதித் துண்டுகள் இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழும். முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிப்பான். லாண்டரிக்காரர் அவனை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். முதலாளியே லேட்டா வந்தா நாங்க என்ன பண்றது என்று அவர் சீண்டினால் இவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவான். இப்போதோ தூங்காமல் உட்கார்ந்து சட்டைக் காலரை மென்றுகொண்டிருக்கிறான்.

ஏன் மாற்றினார்கள்? கீழ்த்தளத்தில் கிடந்தால் யார் கண்ணில் படுவான்? அவ்வளவுதான் சங்கதி. திட்டத்தை நடத்தும் பேராசிரியரோ வேறு கதை சொன்னார். மேலே வர்றீங்களா என்று அவனையே கேட்டாராம். அவனும் 'சரிங்க' என்றானாம்.

சரிங்கவாம்! சின்ன வயதில் ஒரு பள்ளியில் அடி வாங்கிக் கற்றுக்கொண்ட சொல் அது. சொன்னால் அடிப்பதை நிறுத்துவார்கள். பிடித்த எதற்கும் அவன் 'ம்' என்பதோடு சரி. வேண்டாம் என்று சொல்ல இத்தனை வருஷத்தில் அவனுக்கு வாய் வந்ததில்லை. இதையெல்லாம் அக்கா மெனக்கெட்டுப் போய் விளக்கினாள். பேராசிரியர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அவரோட முடிவை அவர் எடுத்துட்டாரும்மா. குடும்பம் குறுக்க வரக் கூடாது. அதான் எங்க கொள்கையே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கொள்கையில் மறைக்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தாள். சீ என்று ஆகிவிட்டது.

வெளியூர் விருந்தாளிகள் வந்த அன்று குடும்பத்தாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பேராசிரியர் வாய் கிழியப் பேசி முடித்து, தம்பியின் தோளில் கை போட்டு, இங்கே சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று மைக்கை நீட்டினார்.

"சரிங்க."

கூடமே கைதட்டியது. தம்பியின் விரல்கள் மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் அக்காவால் பார்க்க முடியவில்லை. கொள்கையாவது கத்தரிக்காயாவது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"டேய், லாண்டரிக்குப் போலாமா?"

"ம்."

டையைக் கழற்றிப் பேராசிரியர் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினான். பின்னாலேயே அக்கா. அவளுக்குப் பின்னால் விருந்தாளிகள், கேமரா, டையைப் பிடித்தபடி பேராசிரியர்.

முதலாளி வந்தாச்சா என்று லாண்டரிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். தம்பி ஒரு துண்டை எடுத்து முகத்தில் ஒற்றினான். அதற்குள் கேமரா வாசலை அடைத்துக்கொண்டது.

"அப்படியே கொஞ்சம் இப்படித் திரும்புங்க. ஒரே ஒரு போட்டோ," என்றார் பேராசிரியர்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். துண்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான்.

"வேணாம்."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். உள்ளே நின்ற அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழலாமா சிரிக்கலாமா என்று அவள் நிற்கும்போதே கதவுக்கு வெளியே பேராசிரியரின் குரல் கேட்டது.

"பாத்தீங்களா? மறுத்துப் பேசவும் கத்துக்கிட்டார். எல்லாம் நம்ம பயிற்சிதான். இனிமே இங்கேயே இருக்கட்டும்."

கைதட்டல் எழுந்தது.  அக்கா காறித் துப்ப இடம் தேடினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் துவைத்த துணி.