பனிக்குழியில் ஒரு பொரி

வெளியே ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, உள்ளே ஜாக்கெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு பனிக்கட்டியில் துளை வழியாக மீன் பிடிக்கலாம் என்று விளம்பரம் செய்தால் துபாயில் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். அந்த மாலின் பனிக்கூடத்தில் அப்படி ஒரு குளம் இருந்தது. மேலே உறைந்த பாளம், அதில் வட்ட வட்டமாகக் குழிகள், அடியில் ஏதோ குளிர்தேசத்துப் பண்ணையில் தீனி உருண்டை தின்று வளர்ந்து விமானமேறி வந்த பெர்ச் மீன்கள். முதுகிலிருந்து கறுப்புப் பட்டை இறங்கும், கையளவு மீன். பிடித்தவர் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப விட்டுவிட வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் போனது, மீன்கள் கடிப்பதை நிறுத்தும் வரை.

குளத்துக்குப் பொறுப்பு ஸ்ரீகாந்த், கும்பகோணத்துக்காரன். இன்ஜினியரிங் படித்துவிட்டு மீனுக்குக் காவல் இருக்கிறோமே என்ற குறை அவனுக்கு எப்போதும் உண்டு. அவனுக்குக் கீழே ஒரே ஆள், தேவகோட்டைப் பக்கத்து உடையப்பன். பனியைச் சுரண்டுவது, கொக்கியில் இறால் துண்டு மாட்டிக் கொடுப்பது, இரவு கூடம் மூடியதும் அளந்த தீனி போடுவது, குளத்தைச் சுற்றியிருந்த வேலியின் கதவுச் சாவியை வைத்துக்கொள்வது எல்லாம் அவன் வேலை.

மீன் கடிக்காமல் போனதும் ஸ்ரீகாந்த் இன்டர்நெட்டில் உட்கார்ந்து குளிர்நாட்டுக்காரர்கள் சொன்னதையெல்லாம் படித்தான். கொக்கியைச் சிறிதாக்கினான். இரையைத் தரையில் கிடத்தாமல் மீனின் கண்ணுக்குச் சற்று மேலே தொங்கவிட்டான். மெல்ல ஆட்டி, சட்டென்று நிறுத்தி, அந்த நிறுத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக் காத்திருந்தான். பக்கவாட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மீன்கள் வரத்தான் வந்தன. இறாலை நெருங்கி ஒரு பார்வை பார்த்தன. பிறகு, பாயசம் வரை முடித்துவிட்டுப் பந்தியிலிருந்து எழுந்தவர்களைப் போலத் திரும்பிப் போய்விட்டன. வயிறெல்லாம் புடைத்துக் கிடந்தது. யாரோ தீனி போடுகிறார்கள்.

யாரோ என்ன யாரோ. சாவி ஒருத்தனிடம்தானே இருக்கிறது?

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. உலகமெங்கும் கம்பெனிகள் சாய்ந்துகொண்டிருந்த வருஷம் அது. மேனேஜர் கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தது. ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"மீனே கடிக்காத குளத்துக்கு ரெண்டு ஆள் எதுக்குன்னு கேக்கறாங்க, பாய். ஒரு பேர் குடு. நீ குடுக்கலைன்னா ஹெட் ஆபீஸ்ல அவங்களே பாப்பாங்க. சம்பளம் கூடின பேராத்தான் பாப்பாங்க."

அன்றிலிருந்து ஸ்ரீகாந்துக்கு உடையப்பன் செய்ததெல்லாம் திருட்டாகத் தெரிந்தது. ஜாக்கெட் பை ஏன் உப்பியிருக்கிறது? குழிக்குப் பக்கத்தில் ஏன் குந்தி உட்கார்கிறான்? தன்னைக் கண்டதும் ஏன் பேச்சை நிறுத்துகிறான்? தீனி டப்பாவைப் பிடுங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினான். தினம் அளவாக எடுத்துக் கொடுத்தான். அப்போதும் மீன் கடிக்கவில்லை. குளத்துக்கு மேலிருந்த கேமராவோ பனி படிந்து பால் மாதிரி வெள்ளையைத்தான் காட்டியது. சரிசெய்யச் சொல்லிக் கேட்டால் பட்ஜெட் இல்லை என்றார்கள்.

ஒருநாள் மூன்றாவது குழியின் ஓரத்தில் பனிக்குள் ஏதோ வெள்ளையாக உறைந்திருந்தது. சாவியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கரையவிட்டான். பொரி. நம்ம ஊர் அரிசிப் பொரி. பனிக்கூடத்து வேலையாட்களில் மற்ற எல்லாரும் பிலிப்பைன்ஸ்காரர்கள், கென்யாக்காரர்கள். பொரி தின்கிற ஊர்க்காரன் உடையப்பனை விட்டால் வேறு யார்?

"உடையப்பா, இது என்ன?"

"பொரி மாதிரி இருக்கு சார்."

"மாதிரியா?"

"பொரிதான் சார்."

"எப்படி வந்துச்சு?"

உடையப்பன் சுரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் முகத்தையே வெகுநேரம் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

எவ்வளவு கொழுப்பு என்று ஸ்ரீகாந்துக்குக் காதெல்லாம் சுட்டது. அந்தக் குளிரிலும் சுட்டது. நேராகப் போய் மேனேஜரிடம் பேரைக் கொடுத்தான். வியாழக்கிழமை காலையிலேயே உடையப்பனைக் குளத்திலிருந்து விலக்கி, விசா கேன்சல் ஆகும் வரை பின்பக்கத்து அறையில் வாடகை ஜாக்கெட்டுகளை மடிக்கும் வேலையில் போட்டார்கள். அன்று இரவு ஸ்ரீகாந்த் நன்றாகத் தூங்கினான். சும்மா சொல்லக் கூடாது, குறட்டை விட்டே தூங்கினான்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட உட்காரும்போது கௌஸ் முகம்மது போன் செய்தார். திறந்ததிலிருந்து எல்லாக் குழியிலும் மீன் கடிக்கிறதாம். "ஷாபாஷ், பாய். சரியான ஆளைத்தான் பிடிச்சே."

ஸ்ரீகாந்த் போனை வைத்துவிட்டு, ஊரையே ஜெயித்தவன் மாதிரி மனைவியைப் பார்த்தான்.

"பாத்தியா பத்மா? அந்த உடையப்பன் திருட்டுத்தனமா மீனுக்குத் தீனி போட்டுக்கிட்டிருந்தான். அவன் பேரைக் கொடுத்தேன், தூக்கிட்டாங்க. மறுநாளே மீன் கடிக்குது."

பத்மா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே விட்டாள்.

"தூக்கிட்டாங்கன்னா?"

"ஊருக்கு அனுப்பிடுவாங்க."

அவள் எழுந்து சுவாமி அலமாரிக்குப் போனாள். பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். டப்பா மேல் மீன் படம் போட்டிருந்தது.

"நான்தான் போட்டேன்."

"என்னது?"

"உங்க வேலைக்குக் கண்டம் இருக்குன்னு ஜோசியர் போன்ல சொன்னார். தினமும் மீனுக்கு இரை போடணும்னார். இங்க கோயில் குளத்துக்கு நான் எங்க போறது? சுஷ்மிதாவை ஸ்கூல் விட்டதும் ஸ்டாஃப் பாஸ்ல பனியில விளையாடக் கூட்டிட்டு வருவேனே, அப்ப நீங்க ஆபீஸ் ரூம்ல இருக்கற நேரமாப் பாத்துப் போட்டேன். மொதல்ல பொரி போட்டேன், அதுங்க சீந்தவே இல்லை. அப்புறம் சத்வா ஏரியாவுல ஒரு கடையில இதை வாங்கினேன். ரெண்டு நாளா குழந்தைக்கு ஜுரம், அதனால போகலை."

ரெண்டு நாள். ஸ்ரீகாந்துக்குக் கணக்கு தானாகவே கூடி வந்தது.

"உடையப்பனுக்குத் தெரியுமா?"

"அவர்தானே கதவைத் திறந்து விடுவார். நீங்க ஜோசியம்னா கிண்டல் பண்ணுவீங்க, அதனால சார்கிட்டச் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

அவன் சோற்றைப் பிசைந்தான், சாப்பிடவில்லை. மனசுக்குள் ஒரு குரல் பேசத் தொடங்கியது. அது வெட்கமில்லாத குரல். கொஞ்ச நேரத்தில் அது அவன் வாயாலேயே பேசிவிட்டது.

"சரி விடு. இனிமே போடாதே. போன பேர் போனதுதான். இப்ப வாயைத் திறந்தா என் வேலையும் போகும்."

"அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

அவன் ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தான். பத்மா கையைக் கழுவினாள், எதிர் ஃப்ளாட்டில் குழந்தையை விட்டாள், டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள். "நீங்க வரலைன்னா நானே மேனேஜரைப் பாத்துக்கறேன்." எச்சில் கையோடு எழுந்து, அவசரமாகக் கழுவிக்கொண்டு, அவள் பின்னாலேயே அவனும் போனான். அவளைப் பேசவிட்டால் இன்னும் மோசமாகும் என்றுதான் அப்போதும் நினைத்துக்கொண்டான்.

பின்பக்கத்து அறையில் உடையப்பன் ஜாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். இருவரையும் சேர்த்துப் பார்த்ததும் கை நின்றது. பத்மா பையிலிருந்து டப்பாவை வெளியே எடுத்தாள்.

"இனிமே எதுக்கும்மா அது?" என்றான் உடையப்பன், மரியாதை குறையாத குரலில். "அதான் சார் நெனச்சது நடந்துருச்சே."

"என்ன சொல்றே நீ?" என்றான் ஸ்ரீகாந்த்.

"ரெண்டு பேருல ஒருத்தரத்தான் வச்சுக்குவாங்கன்னு லேபர் கேம்ப்புலயே பேச்சு சார். நீங்க அம்மாவ விட்டுத் தீனி போடச் சொல்லிட்டு, மீனு கடிக்கலன்னு பழிய எம்மேல போடுறீகன்னு நெனச்சேன். அந்தப் பொரியக் கையில வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டீகள்ல, அன்னிக்கு உறுதியாப் போச்சு."

"ஐயோ, இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றாள் பத்மா. அவள் கண் நிறைந்துவிட்டது.

"தெரிஞ்சு நான் யாருகிட்டம்மா சொல்ல? சாரோட சம்சாரத்தச் சொன்னா எவன் நம்புவான்?"

ஸ்ரீகாந்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. தன்னைப் போய் இவ்வளவு கேவலமாக நினைத்துவிட்டானே. வாயைத் திறந்தான். நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று சொல்ல வந்தவன், உண்மையிலேயே அப்படித் திட்டம் போட்டிருந்தால் இந்த இரண்டு வாரத்தில் எதை வேறு மாதிரி செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தான். டிராயர் பூட்டு, பொரி விசாரணை, பேர் கொடுத்தது, குறட்டை. ஒன்றைக்கூட மாற்றியிருக்க மாட்டான். வெட்கத்தில் அவனால் அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்மாவின் கையிலிருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு மாடியேறினான். மேனேஜர் அறையின் கண்ணாடி வழியே கீழே குளம் தெரிந்தது. ஒரு தூண்டில் வளைந்தது, யாரோ சிரித்தார்கள். டப்பாவை மேஜைமேல் வைத்தான்.

"இது எங்க வீட்டு டப்பா, சார். தீனி போட்டது என் மனைவி. உடையப்பன் ஒரு தப்பும் செய்யலை. நான் தப்பாப் பேர் கொடுத்துட்டேன்."

கௌஸ் முகம்மது டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏன் பாய் வந்து சொல்றே? மீன்தான் கடிக்குதே."

"அவன் பேரை எடுத்துடுங்க சார்."

"எடுக்கலாம். ஆனா ஒரு பேர் போகணும். அது மாறாது."

"தெரியும் சார்."

மேனேஜர் பேனாவை எடுத்து, ஹெட் ஆபீஸுக்குப் போகும் தாளில் உடையப்பன் பேர்மேல் ஒரு கோடு போட்டார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் அவர் எழுதத் தொடங்கியபோது, ஸ்ரீகாந்த் தன் பேரின் எழுத்துகளைச் சரியாகச் சொல்லிக் கொடுத்தான்.