மணல் வாளி

வேளாங்கண்ணிக்குப் போக வேன் தயாராகிவிட்டது. ஜானுக்குத் தரையில் கால் பாவவில்லை. வடக்கே, கட்கி ஊரின் வெடிமருந்து ஃபாக்டரியில் பதினெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுபவன், ஒரு பழைய மேட்டடார் வேனை வாங்கி, பின்பக்கம் பலகை அடித்து, மூன்று பேர் படுக்க இடம் செய்திருந்தான். பக்கத்துக் கசார்வாடிக் கடைகளிலிருந்து ரப்பர் பட்டை வாங்கிவந்து கதவு, ஜன்னல் என்று ஓர் இடுக்கு விடாமல் அடைத்திருந்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பயணம். வழியில் ராத்திரித் தூக்கமெல்லாம் வண்டிக்குள்தான்.

"குளிருக்குத் தாங்குதான்னு இன்னிக்கே பாத்துடலாம்" என்று எட்டு வயது மகள் ஜெனிபரையும் கூட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியில் படுக்கப் போனான். கால்மாட்டில் ஒரு கரியடுப்பு.

அதைப் பார்த்ததுமே அவன் மனைவி செல்வமேரி வண்டிக் கதவை மறித்து நின்றாள். "நெருப்பை உள்ள வெச்சுக்கிட்டா தூங்குவீங்க?"

"யாருகிட்ட சொல்ற? தீப்பெட்டி இருக்கான்னு தினம் பாக்கெட்டைத் தடவித்தான் என்னை ஃபாக்டரிக்குள்ள விடுறான். ஒரு பொறி பறக்காது, பாரு."

கங்கின் மேல் சாம்பலைப் போட்டு மூடினான். அதன் மேல் இரும்புத் தட்டைக் கவிழ்த்தான். ஃபாக்டரியில் இருப்பதைப் போலவே சிவப்புப் பெயின்ட் அடித்த மணல் வாளி ஒன்றை வேன் கதவுக்கு வெளியே வைத்தான். "அப்படியே ஏதாச்சும்னா நீ வெளியேருந்து கொட்டு" என்று சிரித்துவிட்டு உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

பொறி பறக்கவில்லை, உண்மைதான். பொறியைத் தவிர வேறு எதற்கும் பயப்பட அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

செல்வமேரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடி அடுக்கினாள். பத்து மணிக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "ஏ ஒன்! வேர்க்குது!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. திரும்பி வந்து படுத்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள். பதினொன்றுக்கு மறுபடி போனாள்.

"தலை வலிக்குது மம்மி" என்றாள் ஜெனிபர். நாக்குக் குழறியது.

"தூக்கக் கலக்கம். நீ போய்ப் படு, மேரி" என்றான் ஜான். அவன் குரலும் சரியாக இல்லை. மனுஷன் குடிக்கவும் மாட்டானே என்று யோசித்தபடியே நடந்தவள், வீட்டுப் படியில் கால் வைத்ததும் நின்றாள். ஓடித் திரும்பி வந்து தட்டினாள். பதில் இல்லை. இரண்டு கையாலும் அடித்தாள். ஜானின் குறட்டைகூடக் கேட்கவில்லை.

மணலைத் தரையில் கொட்டிவிட்டு, வாளியை ஓங்கி ஜன்னலில் அடித்தாள். மூன்றாவது அடியில் கண்ணாடி தூள் தூளானது. கையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாளை இழுத்தாள். முழங்கை கிழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. முதலில் பிள்ளையை இழுத்தாள். பிறகு, அக்கம்பக்கத்தார் ஓடிவர, அவனை.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு இருவரும் விடியும்வரை கிடந்தார்கள். காற்றோட்டம் இல்லாத இடத்தில் மூடிய கரி விஷவாயுவைக் கக்கும், அதற்கு வாசமும் கிடையாது என்றார் டாக்டர். ஜான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவி, பிள்ளையைக் கொன்றிருப்பானே என்று செல்வமேரிக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் கை அவள் கையைத் தேடியபோது விலக்கவும் முடியவில்லை.

ஆனாலும் சொன்ன நாளில் கிளம்பினார்கள். அடுப்பு வரவில்லை. ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், குல்லா, போர்வை, துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வந்தன. உடைந்த ஜன்னலுக்கு ஜான் கண்ணாடியே போடவில்லை. பாதிக்கு மட்டும் சாக்கு கட்டியிருந்தான்.

சோலாப்பூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். மணிக்கொரு தரம் அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"மேரி, குளிருதா?"

"குளிருது."

"பாப்பா, உனக்கு?"

"ரொம்பக் குளிருது டாடி" என்று போர்வைக்குள்ளிருந்து சிணுங்கினாள் ஜெனிபர்.

"சரி" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் ஜான் படுத்தான்.