பாஸ்கலின் சுவர்

பாஸ்கலின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், மதியம் மூன்று மணிக்கு, அவனுடைய நிழல் வேலைக்குத் திரும்பியது. 1987 டிசம்பர் மாதம் அது. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு இரண்டு தெரு பின்னால் இருந்த அவர்கள் வீட்டின் பின்னறையில், மேற்கு ஜன்னல் வழியாக வெயில் இறங்கும் நேரம் பார்த்து, எதிர்ச்சுவரில் வந்து நின்றது. இடக்கையில் ஒரு சின்ன விண்கலம், வலக்கையில் பேனா பருமனில் ஏர்பிரஷ், காற்றால் பெயின்டைப் பீய்ச்சும் சின்ன கன். சுவருக்கு முன்னால் ஆள் யாரும் இல்லை. ஐந்து மணிவரை பெயின்ட் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. செலின் கத்தவில்லை. மஞ்சள் காமாலை பதினோரு நாளிலேயே கொண்டுபோன புருஷன் நிழலாகவாவது வந்தானே என்று முக்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் ஒரு வாரம் கூட்டமாக வந்து பார்த்தார்கள், தண்ணீர் லாரி சத்தம் கேட்டதும் குடத்தைத் தேடிப் போனார்கள். பங்குச் சாமியாரோ, பேய்க்குத்தான் ஜெபம் இருக்கிறது, நிழலுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். மேகம் மூடிய நாள்களில் நிழல் லீவு. மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகூட வந்தது. உயிரோடு இருந்த காலத்தில் பாஸ்கல் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அவன் திருமழிசை தொழிற்பேட்டையில் இருந்த மணவாளன் பட்டறைக்காக, வீட்டில் வைத்தே டேபிள் ஃபேன் றெக்கைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன். செலின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள், அவன் அடிப்பான். பிள்ளைகுட்டி இல்லை. இறந்த வருஷம் மணவாளனுக்கு ஒரு வினோதமான ஆர்டர் வந்திருந்தது: ஊர் ஊராகப் போகவிருந்த விண்வெளிக் கண்காட்சி ஒன்றுக்கு, முழங்கை நீளத்தில் பத்து விண்கலங்கள். நிஜக் கலம்போலத் தெரியவேண்டும் என்று கண்காட்சிக்காரர்கள் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுத்து புரியாமல், படங்களைப் பார்த்தே பாஸ்கல் சூட்சுமத்தைப் பிடித்தான். வெள்ளைக் கலத்துக்கு முதலில் கறுப்பு. தகடும் தகடும் சேரும் கோடுகளின் மேல் மட்டும் கறுப்பை மெல்லிசாக ஓடவிட்டு, அதன்மேல் தின்னரில் நன்றாகக் கரைத்த வெள்ளையைப் புகைபோலப் படியவிடவேண்டும். அப்போது கலத்தின் நிழல்கள் உள்ளேயிருந்து வந்தவைபோல இருக்கும். நான்கு கலங்களை அப்படி முடித்துவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மீதி ஆறும் பிரைமர் மட்டும் அடித்தபடி அலமாரியில் கிடந்தன.

ஜனவரியில் மணவாளன் வந்தார். சுவரைப் பார்த்துத் தலைமேல் கைகுவித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“அந்தக் கன்னையும் ஆறு பீஸையும் குட்துடும்மா. மெட்ராஸ்ல வேற ஆளு பாத்துகீறேன்.”

“நானே அடிச்சித் தரேன் மொதலாளி.”

“நீ இன்னிக்கு வரிக்கும் கன்னு புடிச்சிகீறியா?”

“இல்ல. பொங்கல் போவட்டும், கத்துக்கிறேன்.”

அவளுக்குப் பெயின்டைப் பற்றிய கவலை இல்லை. விண்கலங்கள் போய்விட்டால் பாஸ்கலுக்கு அங்கே என்ன வேலை? வேலை இல்லாத இடத்தில் எந்த நிழல் வந்து நிற்கும்? மணவாளன் இளகிய மனுஷர். சரி என்று போய்விட்டார்.

செலின் கற்றுக்கொண்ட விதம் இது. மூன்று மணிக்கு ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில், தன் நிழல் பாஸ்கலின் நிழலுக்குள் விழும்படி நின்றுகொள்வாள். அவன் கை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறதோ அவ்வளவு தூரத்தில் பிடிப்பாள். காற்றை முதலில் திறந்து, பிறகு பெயின்டை இழுத்து, கோடு முடிந்தபின்னும் கையை நிறுத்தாமல் கொஞ்சம் ஓடவிட்டான். அவளும் விட்டாள். தொடக்கத்தில் கறுப்பு சிலந்திக்கால் மாதிரி நாலாப் பக்கமும் தெறித்தது. காற்றின் அழுத்தத்தைக் குறைத்ததும் அடங்கிற்று. மாசி மாதத்துக்குள் கறுப்பு கைக்கு வந்துவிட்டது. வெள்ளைதான் வரவில்லை. சுவரில் பாஸ்கல் நான்காவது சுற்றோடு கையை இறக்கிவிடுவான். செலினின் கை ஐந்து, ஆறு, ஏழு என்று போய்க்கொண்டே இருக்கும். குற்றம் அவள் கையில் இல்லை. அடிநிறம் பொட்டுகூடத் தெரியக்கூடாது, தெரிந்தால் றெக்கை திரும்பி வரும் என்பதுதான் அந்தத் தொழிற்பேட்டை முழுவதற்கும் வேதம். மூடாமல் விடுவது அவளுக்குச் சோம்பேறித்தனமாகப் பட்டது. ஏழாவது சுற்றில் கலம் சுண்ணாம்பு டப்பாவாக மாறி உட்கார்ந்திருக்கும், சுவரில் நிழல் கையைத் தொங்கவிட்டுக் காத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி கறுப்பிலிருந்து தொடங்குவாள். ஒரே கலத்தை ஒன்பது தடவை. பத்தாம் தடவை, போதாது என்று மனசு அடித்துக்கொண்டபோதே பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள். காய்ந்தபின் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்த களைப்பு அதன் உடம்பெல்லாம் தெரிந்தது.

“அடில கறுப்பு தெர்தே, இன்னொரு கோட்டு வெள்ள உடக்கூடாதா?” என்று மணவாளன் கேட்டார். பாஸ்கல் முடித்த நான்கையும் இதையும் வரிசையாக வைத்து, எது யார் அடித்தது என்று சொல்லச் சொன்னாள். மணவாளனால் சொல்ல முடியவில்லை. மீதி ஐந்தையும் அதேபோல முடித்தாள். ஜூலை கடைசியில் பத்து விண்கலங்களும் வைக்கோல் அடைத்த பெட்டிகளில் வேன் ஏறிப் போயின.

மறுநாளும் நிழல் வந்தது. செலினுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, ஆனால் நிழலின் கைகளில் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு வந்து, ஐந்துவரை சும்மா நின்றுவிட்டுப் போயிற்று. அடுத்த நாளும் அப்படியே. ஃபேன் றெக்கையைக் கொண்டுவந்து எதிரில் வைத்துப் பார்த்தாள், அது சீந்தவில்லை.

பாஸ்கலின் அக்கா ஞானகுமாரி வானகரத்தில் இருந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். நிழல் வேலை செய்த காலத்தில், உழைக்கிறான், உழைக்கட்டும் என்று இருந்துவிட்டாள். வெறுங்கையோடு நிற்பதைப் பார்த்த அன்று அவளால் தாங்க முடியவில்லை. நவம்பரில் வருஷப் பூசை முடிந்தது. துக்கம் கழிந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் வருமுன் வெள்ளையடிக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். சுண்ணாம்பை மூட்டையாகவே கொண்டுவந்து இறக்கினாள். நிழலின் மேல் சுண்ணாம்பு ஏறுமா என்று கேட்பவர்களுக்குச் சொல்லவேண்டும்: பாஸ்கலின் நிழல் சுவரின் மேல் விழுந்ததல்ல, சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. மாதா காலண்டரை அந்த இடத்தில் மாட்டினால் காலண்டருக்குப் பின்னால் போய்விடும்.

“அவரு இங்க நிக்கிறதுல உங்களுக்கு இன்னா அண்ணி கஷ்டம்?”

“நிக்கிறானே, அதாண்டி கஷ்டம். போவ வேண்டிய எடத்துக்குப் போவாம, உன் மூஞ்சியப் பாத்துகினு கால்கடுக்க நிக்கிறான். உட்ருடி செலினு. எந்தம்பிய உட்ரு.”

அவன் கால் வலிக்கும் என்பது ஒரு வருஷத்தில் ஒருநாள்கூடச் செலினுக்குத் தோன்றவில்லை. வெள்ளையடிக்க வந்திருந்த கொத்தனாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்பைக் கரைத்துப் பழைய வேட்டியில் மூன்று தடவை வடிகட்டி, றெக்கைக்கு அடிக்கும் பெரிய கன்னில் ஊற்றினாள். சுண்ணாம்பு ஈரத்தில் ஏமாற்றும், காய்ந்தபின்தான் வெளுக்கும். அதனால் இன்னும் முன்னாலேயே நிறுத்தவேண்டும். மூன்று மணி வெயிலில் அவன் நின்றுகொண்டிருக்க, ஓரத்திலிருந்து தொடங்கி ஒரே சுற்று அடித்துவிட்டுக் கன்னை இறக்கினாள். சுவர் காய்ந்தது. வெள்ளைக்கு அடியில் பாஸ்கல் சாம்பல் நிறத்தில் நின்றான்.

“இன்னும் தெரியிறான். இன்னொரு கோட்டு அடி” என்றாள் ஞானகுமாரி.

“போதும் அண்ணி. இதுக்கு மேல அடிச்சா பூடுவாரு.”

ஞானகுமாரி சுவரிடம் போய்த் தம்பியின் தோள் இருந்த இடத்தைத் தடவினாள். கையில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் அழுதாள். அழுது முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“செரி. வருஷத்துக்கு ஒரு கோட்டு. மெதுவா போவட்டும்.”

அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் செலின் ஒரே ஒரு கோட் அடித்தாள். மெல்லிய கோட்தான், ஆனால் மெல்லிசும் சேரச்சேரக் கனம் என்பது கன் பிடித்த யாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 1990-இல் விரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 1992-இல் காதும் மூக்கும் போயின. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்தது. பொருட்காட்சிக்குக் கப்பல், ராக்கெட் எதுவென்றாலும் செலினைக் கூப்பிடு என்று பேர் வாங்கினாள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, மூன்று மணிக்குள் வீடு சேரும்படி விடிகாலை ஷிப்டையே கேட்டு வாங்கிக்கொண்டாள். 1995-இல் ஞானகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “எங்கடி கீறான்?” என்று கேட்டாள். செலின் அவள் கையைப் பிடித்துச் சுவரில் சரியான இடத்தில் வைத்தாள்.

1997 டிசம்பர் இருபதாம் தேதி மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது. செலின் முக்காலியில் ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுண்ணாம்பை மூன்று தடவை வடிகட்டி, அவன் தலை இருந்த உயரத்திலிருந்து தொடங்கி, அந்த வருஷத்துக் கோட்டை அடித்து முடித்தாள்.