அப்பாவுக்கு ஒரு ஆட்டம்

யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். அப்பாவுக்கு என்று அவள் சொன்னதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தார். சுவர் நிறைய பழைய வீடியோ கேம்கள். உறைகளில் துப்பாக்கி, வாள், பூதம். அப்பாவுக்கு எதில் இஷ்டம் என்றதற்கு, "பஸ் ஓட்டுவாரு" என்றாள். ஓட்டினாரு என்று சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் முக்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டினார். இதை யாரும் கேட்டு வருவதில்லையாம். சுட முடியாது, ஜெயிக்க முடியாது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆளை ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்பொரு மழைக்காலத்தில் ஒரு காலை, நின்றிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சாலையில் இறங்கினாள். அப்பா பிரேக் பிடித்தார். பிடித்த இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் நடுவில் அவள் இருந்தாள். விசாரணையில் ஓட்டுநர்மேல் தப்பில்லை என்றார்கள். மறுபடி வேலைக்கும் கூப்பிட்டார்கள். சீருடை போட்டுக்கொண்டு பணிமனைக்குப் போனவர், வண்டிப் படியில் ஒரு காலை வைத்து, எடுத்துவிட்டார். அதற்கப்புறம் பயணியாகக்கூட அவர் பேருந்தில் ஏறவில்லை. எங்கேயும் நடைதான். சாலையைக் கடக்க வேண்டி வந்தால் பாதியில் வீடு திரும்பிவிடுவார்.

தம்பி வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கேம் பெட்டியை மகள் டிவியில் இணைத்தாள். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றாள். "வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாதடி."

அப்பா அன்றைக்கு அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அவள் கண்ணாடிக்கடை வேலை முடிந்து வந்தபோது, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் கண்ட்ரோலரைப் பிடித்திருந்தார். பிரேக்குக்குப் பொத்தான் இருந்தாலும் வலது கால் தன்பாட்டுக்குத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பக்கக் கண்ணாடி வைத்த இடமே சரியில்லை, இந்த வளைவில் எவன் நிறுத்தம் வைப்பான் என்று குறை சொன்னார். அவர் குறை சொல்லிக் கேட்டே எத்தனை நாளாயிற்று. அம்மா தேநீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, பயணிபோலக் கூடவே உட்கார்ந்துகொண்டாள். ராத்திரி மகளிடம், மனுஷன் இன்னொரு தோசை கேட்டார் என்று ரகசியம்போலச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் மழை பிடித்தது. சாலையோரத்திலிருந்து யாரோ குடையோடு குறுக்கே வந்தார்கள். அப்பா பொத்தானை அழுத்தினார். வண்டி நிற்கவில்லை. அந்த உருவம் முன்கண்ணாடிக்குள் புகுந்து, இருக்கைகளின் ஊடே புகைபோல நடந்து, மறுபக்கம் இறங்கி, குடை சாயாமல் போய்விட்டது.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்றாள் அம்மா. அவள் குரலில் அவ்வளவு நிம்மதி.

அந்தக் குடை மறையும்வரை அப்பா பார்த்தார். அப்புறம், திரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "அந்தம்மாவும் இப்படி நடந்து போயிருக்கலாம்."

வண்டியை அங்கேயே நடுச்சாலையில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். கதவுகளைத் திறந்துவிட்டார். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. பயணிகள் ஒவ்வொருவராக எழுந்து இறங்கிப் போனார்கள். போதும்பா, அணைச்சிடட்டுமா என்று மகள் கேட்டதற்கு, "இரு. இன்னும் ஆள் வருது" என்றார்.

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். திரையில் மழை விடாமல் பெய்தது. நனையாத மனிதர்கள் ஒரு பக்கத்திலிருந்து வந்து, காலிப் பேருந்துக்குள் நுழைந்து, மறுபக்கமாக வெளியேறி, நடந்துகொண்டே இருந்தார்கள்.