தண்ணீர் பில்லில் இருந்த பெயர்

வீடு வாங்கிக் குடிவந்த பிறகு செய்ய வேண்டிய வேலைகளை அவர்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். கரண்ட், கேஸ், இன்டர்நெட் எல்லாம் கணவன் பங்கு. தண்ணீர் அவள் பங்கு. கணவன் லாரி ஓட்டுபவன், பாதி நாள் வெளியூரில் இருப்பான். அதனால் போனிலேயே முடிகிற வேலைகளை எல்லாம் அவன் எடுத்துக்கொண்டு, நேரில் போய்ப் பல்லைக் காட்ட வேண்டிய ஒன்றை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டான். அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். மதியம் கிளினிக் மூடியிருக்கும் நேரத்தில் தண்ணீர் அலுவலகம் போய்வந்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள். கடைசியாக இருந்த வீட்டில் இவள் துணி அலச ஆரம்பித்தால் மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள் இருமுவாள். குழாயை மூடும்வரை அந்த இருமல் நிற்காது. இப்போது தன் பெயருக்கே ஒரு பில் வரப்போகிறது என்பதில் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டை விற்றவர் நல்ல பேச்சுக்காரர், இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரிய வேலை. பத்திரம் அவர் பெயரில்தான் இருந்தது. அம்மா காலமானதும் அப்பா எழுதிக் கொடுத்துவிட்டாராம். பதிவு முடிந்து வெளியே வரும்போது, தண்ணீர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"அப்பா பேர்லதான் இருக்கு. அப்பா இப்ப இல்லீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவள் உச்சுக் கொட்டினாள். கணவன் அவர் தோளைத் தொட்டு ஆறுதலாக ஏதோ சொன்னான். அவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

முதல் பில் அந்த அப்பா பெயரில் வந்தது. பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அவள் போனில் விசாரித்தாள். பழைய ஆள் உயிரோடு இருந்தால் அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பத்திரம் இருக்கிறதே என்று கேட்டுப் பார்த்தாள். பத்திரத்தில் இருப்பது மகன் பெயர், இணைப்பு அப்பா பெயர், இரண்டும் வேறு வேறு என்றார்கள். விற்றவரிடம் சான்றிதழ் கேட்டாள். அனுப்புகிறேன் என்றார். மறுபடி கேட்டபோது மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார். அப்புறம் போனையே எடுப்பதில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று அவளே அவருக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டாள். பில் கட்ட வேண்டிய தேதி நெருங்கியதும், பணத்தையாவது கட்டிவிட்டு மற்றதை விசாரிக்கலாம் என்று கிளம்பிப் போனாள்.

தண்ணீர் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. சுவரோரமாக இரும்பு நாற்காலிகள், ஒன்றோடொன்று பிணைத்து. கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது இருக்கும். பில்லை வாங்கி எண்ணைத் தட்டிப் பார்த்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது கட்டியாச்சேம்மா."

யார் கட்டினது என்று அவள் கேட்டாள்.

"யார் பேர்ல இருக்கோ அவர்தான். போன வாரம் வந்து கட்டிட்டுப் போனார். மாசாமாசம் அவர்தானே வரார்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் இறந்துவிட்டாரே என்றாள். கவுண்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, அந்தப் பெரியவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், வீட்டில் ரிப்பேர் வேலை நடக்கிறதாம், முடிந்ததும் திரும்பப் போகப் போகிறாராம், இரண்டு பஸ் மாறி இங்கே வந்து கட்டிவிட்டுப் போகிறார் என்று சொன்னார். போனில் கட்டலாமே என்று தான் ஒருமுறை கேட்டதற்கு, தண்ணீரை நிறுத்திவிட்டால் வேலை செய்கிறவர்கள் சிமெண்டுக்கு என்ன செய்வார்கள், நேரில் கட்டினால்தான் நிம்மதி என்றாராம்.

அவள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கிளினிக் போனிலிருந்து விற்றவரைக் கூப்பிட்டாள். புது நம்பர் என்பதால் எடுத்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் அதே பதவிசான குரலில் சொன்னார்: "நான் செத்துட்டார்னு சொன்னேனா? இல்லைன்னுதானே சொன்னேன். வீட்ல இல்லைன்னு அர்த்தம்."

அப்பாவுக்கு மனசு பலவீனம், வீடு விற்றது தெரிந்தால் தாங்கமாட்டார், நல்ல நேரம் பார்த்துத் தானே பக்குவமாகச் சொல்லப் போவதாகச் சொன்னார். அதுவரை ரிப்பேர் காரியம் என்று சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் எதையும் படித்துப் பார்க்கமாட்டார் என்று யோசனையும் சொல்லிக் கொடுத்தார்.

கணவனிடம் சொன்னபோது அவன் எங்கோ ஒரு டோல்கேட்டில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் பேச்சு வேறு மாதிரி வந்தது. நாம் என்ன திருடியா வாங்கினோம், வாழ்நாள் முழுக்கக் கடன் கட்டப்போகிறோம், அவர்கள் வீட்டு அழுக்கை நாம் ஏன் துவைக்க வேண்டும், கையெழுத்தை வாங்கிவிட்டு வந்துவிடு என்றான்.

அடுத்த மாதம், அவள் கொடுத்துவிட்டு வந்திருந்த நம்பருக்குக் கவுண்டர் அம்மா போன் செய்தார். பெரியவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றார். அவள் நிரப்பி வைத்திருந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே நினைத்துக்கொண்டு போனாள்.

பெரியவர் நன்றாகச் சலவை செய்த சட்டை போட்டிருந்தார். ஒருகாலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவராம். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், யாரம்மா நீ என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"உங்க வீட்டு வேலையை எங்க வீட்டுக்காரர்தான் பாக்கறார்" என்று சொல்லிவிட்டாள்.

அவர் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். மகன் அழைத்துப்போய்க் காட்டமாட்டேன் என்கிறான், தூசி ஒத்துக்காது என்று பயப்படுகிறான், இவ்வளவு நாள் ஒரு ஆளையும் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றார். சமையலறைச் சுவரில் ஓதம் ஏறுமே, அதை உடைத்துப் பூசினார்களா என்று கேட்டார்.

பூசியாயிற்று, காய்கிறது என்றாள். அந்தச் சுவரை மறைத்து அவர்கள் ஒரு அலமாரியை நிறுத்தியிருந்தார்கள்.

குளியலறைக் கதவு? அதுவும் மாற்றியாயிற்று. பின்பக்கத்துப் படி? அதுவும்தான். ஒன்று சொல்லிவிட்ட பிறகு மற்றதெல்லாம் தடங்கலில்லாமல் வந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விண்ணப்பத்தை நீட்டினாள். வேலை முடிகிறவரை பில் எங்கள் பெயருக்கு வரட்டும், அப்பா வெயிலில் அலைய வேண்டாம் என்று உங்கள் மகன் சொன்னார் என்றாள்.

"அவனா சொன்னான்?" என்று கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, எம்மேல அக்கறை இருக்கு அவனுக்கு."

பேனாவை வாங்கி நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக் கொடுக்கும்போது கேட்டார்: "அப்ப அடுத்த மாசம் நான் வந்துடலாம், இல்லையாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவர் போன பிறகு கவுண்டர் அம்மா விண்ணப்பத்தை வாங்கி முத்திரையை ஓங்கிக் குத்தினார். கையெழுத்து இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, என் வேலை முடிந்தது என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "திரும்ப வந்து நிப்பார். அப்ப யார் சொல்றது?" என்று கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கவுண்டர் அம்மா சொன்னபடியே ஆயிற்று. மறு மாதமும் போன் வந்தது. பெயர் மாறியதை மறந்து வந்தாரோ, வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிக்க வந்தாரோ, பெரியவர் வந்துவிட்டார், நீயே வந்து உன் வாயால் சொல்லிவிட்டுப் போ என்றார் கவுண்டர் அம்மா. கிளினிக்கில் கூட்டமாக இருக்கிறது, நகர முடியாது என்றாள். அப்போது அங்கே வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வீட்டுக்கே வந்தார். கணவனும் இருந்தான். கேட் சத்தம் கேட்டு அவள்தான் வெளியே வந்தாள். அவர் உள்ளே வராமல் கேட்டைப் பிடித்தபடி நின்றார். கொடியில் அவர்களுடைய மகளின் பள்ளிக்கூடத்து உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். போடவில்லை.

"இப்பப் புரியுது. அவன் பேர்ல இருந்த வீடு, வித்துட்டான். உங்களை நான் ஒண்ணும் சொல்லறதுக்கில்லை, காசு குடுத்து வாங்கியிருக்கீங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா அடுத்த மாசம் வரலாமான்னு கேட்டப்ப தலையாட்டினீங்களேம்மா. நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். பெட்டிகூடக் கட்டி வச்சுட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. கணவன் பின்னாலேயே வந்து, உள்ளே வாங்க ஐயா, வெயிலில் நிற்காதீர்கள் என்றான். உள்ளே வந்து எதைப் பார்க்க என்று கேட்டுவிட்டு அவர் கேட்டை அவரே சாத்திக்கொண்டு போனார். பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுபோய் விடட்டுமா என்று கணவன் தெருவில் இறங்கிப் பின்னால் போனான். வேண்டாம் என்று கையை மட்டும் காட்டினாராம்.

இரண்டொரு நாளில் விற்றவர் அவராகவே கூப்பிட்டார். இத்தனை காலம் கட்டிக் காத்ததை ஒரு கையெழுத்துக்காகக் கெடுத்துவிட்டீர்கள், அப்பா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார், எல்லாம் உங்களால்தான் என்று படபடத்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவர்தான் இல்லையே சார். இல்லாதவர் பேசாட்டி உங்களுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சொன்ன கணத்தில் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. ராத்திரி படுத்தபோது, அந்த ஆளும் தானும் ஒரே பொய்யை ஆளுக்குப் பாதியாகத்தானே சொன்னோம் என்று தோன்றியது. அதன் பிறகு தூக்கம் பிடிக்கவில்லை.

ஒரு லீவு நாளில் கணவனிடம் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி அந்த இல்லத்துக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாசலில் இருந்த காவலாளி உள்ளே போய்விட்டு வந்தான். பெரியவர் யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்லச் சொன்னதாகச் சொன்னான். மகன் வந்தாலும் அதே பதில்தானாம். யார் வந்திருப்பதாகச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அந்த வீட்லேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்கன்னு சொன்னேன்" என்றான். "எந்த வீடுன்னு கேட்டார்."

அவள் வெளியே வந்து, திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நின்றாள்.